வேலையற்ற இல்லங்களும் வட்டார வேறுபாடுகளும்: பிரிட்டனை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

ஒரு நாட்டின் உழைப்புச் சந்தை எந்நிலையில் உள்ளது என்பதை அறிய விரும்புவோர் முதலில் வேலையின்மை விகிதத்தையே நோக்குவர். நாளிதழ்களும் அமைச்சர்களும் அவ்வெண்ணையே எடுத்துக்கூறுவர். ஆனால் அவ்வெண் மனிதர்களைத் தனித்தனியே எண்ணுகிறது. அவர்கள் யாருடன் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதைக் கருத்தில் கொள்வதில்லை. கணவர் வேலையிழந்து மனைவியின் சம்பளத்தால் அடுப்பெரியும் வீடும், இருவருமே வேலையிழந்த வீடும் ஒன்றல்ல. முன்னதில் நெருக்கடி உண்டு. பின்னதில் உழைத்து ஈட்டும் வருமானமே இல்லை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் அளவுகோலே ‘வேலையற்ற இல்லம்’ என்னும் கருத்தாக்கமாகும்.

இவ்வளவுகோலை முறையாகக் கணக்கிட்டு, வட்டாரவாரியாக நெடுங்காலம் வெளியிட்டுவரும் நாடுகளுள் பிரிட்டன் முதன்மையானது. அங்குப் பெரும் பொருளியல் வீழ்ச்சிகளும் தொழில்துறை மாற்றங்களும் எவ்வட்டாரத்தை எவ்வாறு தாக்கின என்பதற்கு இக்கணக்கு நல்ல சான்றாக விளங்குகிறது. இக்கட்டுரையில் வேலையற்ற இல்லம் என்பதன் வரையறையையும், அது பிரிட்டனில் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுவதற்கான காரணங்களையும், அவ்வெண்ணைப் படிக்கும்போது நேரக்கூடிய பிழைகளையும் விளக்க முற்படுகிறோம்.

வரையறை

பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் இதனைப் பின்வருமாறு வரையறுக்கிறது. 16 முதல் 64 வயதுக்கு உட்பட்ட ஒருவரேனும் வாழ்கின்ற ஓர் இல்லத்தில், 16 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான எவரும் வேலையில் இல்லை எனில் அது வேலையற்ற இல்லமாகும். 16 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் வேலையில் இருப்பின் அது முழுவேலை இல்லம். சிலர் வேலையிலும் சிலர் வேலையின்றியும் இருப்பின் அது கலப்பு இல்லம். முதியோர் மட்டுமே வாழும் வீடுகள் இக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

இங்கு ‘இல்லம்’ என்னும் சொல்லை நாம் எண்ணியே ஆள்கிறோம். குடும்பம் என்பது உறவால் அமைவது. இல்லம் என்பது ஒரே கூரையின்கீழ் வாழ்க்கையைப் பகிர்ந்துகொள்வதால் அமைவது. தனியே வாழும் ஒருவரும் ஓர் இல்லம். உறவில்லாத மூவர் சேர்ந்து வாழ்ந்தாலும் அது ஓர் இல்லமே.

மற்றொரு வேறுபாடும் இன்றியமையாதது. வேலையில் இல்லாதோர் அனைவரும் வேலை தேடுவோர் அல்லர். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடியவரும் இரண்டு வாரங்களுக்குள் வேலையில் சேர ஆயத்தமாக இருப்பவருமே ‘வேலையில்லாதோர்’ எனப்படுவர். நோயுற்றோர், குழந்தைகளையும் முதியோரையும் பேணுவோர், மாணவர்கள், முன்கூட்டியே ஓய்வுபெற்றோர் முதலியோர் உழைப்புச் சந்தைக்கு வெளியே இருப்போராகக் கருதப்படுகின்றனர். வேலையற்ற இல்லம் இவ்விரு சாராரையும் உள்ளடக்கியது. ஆதலால் வேலையின்மை விகிதம் தாழ்ந்திருக்கும்போதே வேலையற்ற இல்லங்கள் மிகுந்திருத்தல் இயலும். பிரிட்டனின் பல வட்டாரங்களில் இதுவே நிகழ்ந்தது.

ஒரே அளவு வேலை, இருவேறு ஊர்கள்

இக்கருத்தினை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஓர் ஊரில் பத்து இல்லங்கள் உள்ளன; ஒவ்வோர் இல்லத்திலும் இருவர். மொத்தம் இருபது பேருக்குப் பதினான்கு வேலைகள் இருப்பதாகக் கொள்வோம். வேலையில் உள்ளோர் 70 விழுக்காட்டினர்.

முதல் ஊரில் நான்கு இல்லங்களில் இருவரும், ஆறு இல்லங்களில் ஒருவரும் வேலை செய்கின்றனர். மொத்தம் பதினான்கு வேலைகள். வேலையற்ற இல்லம் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் ஊரில் ஏழு இல்லங்களில் இருவரும் வேலை செய்கின்றனர். மூன்று இல்லங்களில் எவருக்கும் வேலையில்லை. இங்கும் பதினான்கு வேலைகளே. ஆனால் வேலையற்ற இல்லங்கள் 30 விழுக்காடு. வேலைகள் எவ்வித ஒழுங்குமின்றிக் குலுக்கல் முறையில் பகிரப்பட்டிருப்பின், ஓர் இல்லத்தில் இருவருக்குமே வேலை கிட்டாதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 9 விழுக்காடு. அதாவது பத்தில் ஓர் இல்லம். எனவே முதல் ஊரில் வேலை பரவலாகவும், இரண்டாம் ஊரில் குவிந்தும் கிடக்கிறது.

பால் கிரெக், ஜொனாதன் வாட்ஸ்வொர்த் என்னும் பொருளியல் அறிஞர்கள் 1990களில் இதையே பிரிட்டன் முழுமைக்கும் ஆராய்ந்தனர். 1970களின் இடைப்பகுதியிலிருந்து இருபது ஆண்டுகளில், மொத்த வேலைவாய்ப்பு விகிதத்தில் நேர்ந்த மாற்றத்தைக் காட்டிலும் வேலையற்ற இல்லங்களின் பெருக்கம் பன்மடங்கு மிகுதி என்று அவர்கள் காட்டினர். ஒருபுறம் இருவரும் சம்பாதிக்கும் இல்லங்கள் பெருகின. மறுபுறம் எவரும் சம்பாதிக்காத இல்லங்கள் பெருகின. இடையில் ஒருவர் சம்பாதிக்கும் பழைய முறை சுருங்கியது. இதனை இல்லங்களிடையே வேலை இருமுனைப்படுதல் எனலாம்.

வட்டார வேறுபாட்டின் அளவு

2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின், 2011இல் பிரிட்டனில் ஏறத்தாழ 3.9 மில்லியன் வேலையற்ற இல்லங்கள் இருந்தன. இது உழைக்கும் வயதினர் வாழும் இல்லங்களில் ஏறத்தாழ 19 விழுக்காடு. 2019இல் இது 14 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தது.

எனினும், நாட்டுச் சராசரி நமக்கு முழு உண்மையைக் கூறுவதில்லை. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் வடகிழக்கு வட்டாரத்தில் இவ்விகிதம் நான்கில் ஒரு பங்கை நெருங்கியது; தென்கிழக்கு வட்டாரத்தில் ஏழில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. வேல்சும் வட அயர்லாந்தும் வடகிழக்கை அடுத்து நின்றன. நகரளவில் நோக்கின் இடைவெளி மேலும் விரிகிறது. லிவர்பூல், கிளாஸ்கோ, நாட்டிங்காம் ஆகிய நகரங்களில் பத்தில் மூன்று இல்லங்கள் வேலையற்றவையாக இருந்தன. ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின்கீழ், ஒரே உதவித்தொகை முறையின்கீழ் வாழ்வோரிடையே இத்துணை வேறுபாடு ஏன் என்பதே நம்முன் நிற்கும் வினா.

காரணம் ஒன்று: தொழில்கள் மறைந்த நிலப்பகுதி

வேலையற்ற இல்லங்களின் வரைபடத்தையும் பழைய தொழிற்பகுதிகளின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பின் அவை பெரிதும் பொருந்துவதைக் காணலாம். 1984ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது பிரிட்டனில் ஏறத்தாழ 170 நிலக்கரிச் சுரங்கங்கள் இயங்கின. பத்தாண்டுகளில் அவற்றுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. வடகிழக்கில் ஈசிங்டன் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. தொழிலாளர்களே தங்கள் பணத்தைத் திரட்டி வாங்கி நடத்திய தென்வேல்சின் டவர் சுரங்கமும் 2008இல் ஓய்ந்தது. நாட்டின் இறுதி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. நிலக்கரியைப் போன்றே கான்செட் எஃகு ஆலை 1980இலும், சண்டர்லாந்தின் எஞ்சிய கப்பல் கட்டும் தளங்கள் 1988இலும், தென்வேல்சின் எப்வ் வேல் எஃகு ஆலை 2002இலும், ரெட்கார் எஃகு ஆலை 2015இலும் மூடப்பட்டன.

லிவர்பூலின் கதை துறைமுகத்தோடு பிணைந்தது. கொள்கலன் கப்பல்கள் வந்தபின் சரக்கை இறக்கிச் சுமக்கும் கைகள் தேவையற்றுப்போயின. துறைமுகத்தைச் சார்ந்து வாழ்ந்த ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. அந்நகரின் ஸ்பீக் பகுதியில் இயங்கிய டன்லப் டயர் ஆலை 1979இல் மூடப்பட்டதும் இவ்வரிசையில் ஒன்று. மலாயாவில் பெருந்தோட்டங்களை வைத்திருந்த நிறுவனம் அது. நம் முன்னோர் இங்கே பால்மரம் சீவிய தொழிலின் மறுமுனையில் அவ்வாலைத் தொழிலாளர்கள் இருந்தனர் என்பதை எண்ணும்போது, அந்நகரின் வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று என்பது விளங்கும்.

ஒரு சுரங்கமோ ஆலையோ மூடப்படும்போது அங்கு வேலைசெய்தோர் மட்டும் பாதிப்புறுவதில்லை. அவர்களுடைய சம்பளத்தை நம்பிய கடைகள், உணவகங்கள், பேருந்துத் தடங்கள் ஆகியவையும் சுருங்குகின்றன. அத்தகைய கடையில் வேலைசெய்த மனைவியும், அதே ஆலையில் பயிற்சியாளராகச் சேரவிருந்த மகனும் ஒருசேர வேலையை இழக்கின்றனர். ஒற்றைத் தொழிலை நம்பிய ஊரில் ஓர் இல்லத்தாரின் வேலைகள் அனைத்தும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. கயிறு அறுந்தால் எல்லாம் ஒருங்கே வீழ்கின்றன. பல தொழில்கள் கலந்துள்ள தென்கிழக்கில் அவ்வாறு நேர்வதில்லை.

புதிய தொழில்களே வரவில்லை என்பதும் பொருந்தாது. சண்டர்லாந்தில் 1986இல் நிசான் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆயினும் புதிய ஆலை இளைஞர்களையும் புதிய திறனுடையோரையும் நாடியது. ஐம்பது வயதைத் தொட்ட சுரங்கத் தொழிலாளிக்கு அதன் வாயில் எளிதில் திறக்கவில்லை.

காரணம் இரண்டு: நோய் என்னும் பெயரில் மறைந்த வேலையின்மை

மூடப்பட்ட சுரங்கங்களின் தொழிலாளர்கள் பலர் வேலையில்லாதோர் பட்டியலில் நீடிக்கவில்லை. தூசியாலும் பளுவாலும் உடல்நலம் குன்றியோர் அவர்களிடையே மிகுதி. வேலை கிடைக்கும் காலத்தில் அக்குறையோடே உழைத்தனர். வேலை போனபின் அக்குறையே அவர்களைச் சந்தைக்கு வெளியே நிறுத்தியது. நோயுற்றோருக்கான உதவித்தொகை வேலையில்லாதோருக்கான தொகையைவிடக் கூடுதலாக இருந்தமையும் இதற்கு உதவியது. அவ்வுதவித்தொகை பெறுவோர் 1970களின் இறுதியில் இருந்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாகப் பெருகி, 2000களில் 2.6 மில்லியனை எட்டினர். ஈசிங்டன், மெர்தர் டிட்ஃபில் போன்ற பழைய சுரங்கப் பகுதிகளில் உழைக்கும் வயதினரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்நிலையில் இருந்தனர்.

ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா பீட்டி, ஸ்டீவ் ஃபாதர்கில் ஆகியோர் இதனை ‘மறைந்த வேலையின்மை’ என்று விளக்கினர். இவர்கள் பொய்யாக நோயுற்றதாகக் கூறினர் என்பது இவ்விளக்கத்தின் பொருளன்று. வேலைகள் நிறைந்த ஒரு வட்டாரத்தில் வாழ்ந்திருப்பின் இவர்களில் பலர் வேலையில் இருந்திருப்பர் என்பதே பொருள். தென்கிழக்கில் முதுகுவலியுடைய ஒருவர் இலகுவான வேறொரு வேலைக்கு மாறுகிறார். சுரங்க ஊரில் அதே வலி அவரது உழைப்பு வாழ்வை முடித்துவிடுகிறது.

காரணம் மூன்று: உதவித்தொகையின் உள்கட்டமைப்பு

கணவர் வேலையிழந்தால் மனைவி வேலைக்குச் செல்லலாமே என்று நாம் வினவக்கூடும். இங்குதான் உதவித்தொகை விதிகளின் பங்கு புலப்படுகிறது. பிரிட்டனில் 1996 முதல், ஒருவர் செலுத்திய பங்களிப்பின் அடிப்படையிலான வேலைதேடுவோர் உதவி ஆறு மாதங்களுக்கே வழங்கப்பட்டது. அதன்பின் இல்லத்தின் மொத்த வருவாயைக் கணக்கிட்டே உதவி தரப்பட்டது. அம்முறையில் தம்பதியர் வாரத்துக்கு 10 பவுன் மட்டுமே ஈட்டி வைத்துக்கொள்ள முடிந்தது. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு பவுனுக்கும் உதவித்தொகையில் ஒரு பவுன் கழிக்கப்பட்டது. கடையில் பகுதிநேரமாக வேலைசெய்த மனைவி, பேருந்துக் கட்டணத்தையும் கணக்கிட்டால், உழைத்ததால் இழப்பையே அடைந்தார். ஆகவே கணவரின் வேலை போனதைத் தொடர்ந்து மனைவியின் வேலையும் போயிற்று. சம்பளம் குறைந்த வட்டாரங்களில் இவ்விளைவு கடுமையாக இருந்தது. மனைவியின் சம்பளம் உயர்வாக இருந்த வட்டாரங்களில் அவர் வேலையைத் தொடர்வதே ஆதாயமாயிற்று.

2013 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த உதவித்தொகை இக்குறையை ஓரளவு நீக்கியது. 2021 இறுதியிலிருந்து, விலக்களிக்கப்பட்ட தொகைக்குமேல் ஈட்டும் ஒவ்வொரு பவுனுக்கும் 55 பென்சு கழிக்கப்படுகிறது.

காரணம் நான்கு: வீடும் குடிபெயர்வும்

வேலை இல்லாத ஊரை விட்டு வேலை உள்ள ஊருக்குச் செல்லலாகாதா என்பது அடுத்த வினா. சுரங்க ஊரில் சொந்த வீடு வைத்திருப்பவர் அதை விற்று வரும் தொகையில் தென்கிழக்கில் ஒரு வீட்டை வாங்க இயலாது. ஊராட்சி வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அவ்வுரிமையைக் கைவிட்டுச் சென்றால் புதிய ஊரில் மீண்டும் வரிசையின் கடைசியில் நிற்கவேண்டும். இளையோரும் படித்தோரும் செல்கின்றனர். வயதானோரும் நோயுற்றோரும் தங்கிவிடுகின்றனர்.

கடற்கரை நகரங்களில் இதன் எதிர்த்திசை ஓட்டத்தைக் காணலாம். விடுமுறைப் பயணிகள் வெளிநாடுகளுக்குச் செல்லத் தொடங்கியபின் பிளாக்பூல் போன்ற நகரங்களின் விடுதிகள் வெறுமையாயின. அவை மலிவான வாடகை அறைகளாக மாற, வேலையற்ற தனியாட்கள் வேறிடங்களிலிருந்து வந்து குடியேறினர். அவர்களுள் ஒவ்வொருவரும் ஒரு வேலையற்ற இல்லமாகக் கணக்கில் சேர்ந்தனர்.

இலண்டன் காட்டும் மாற்றம்

இவ்வெண் மாறாத விதியன்று என்பதற்கு இலண்டன் சான்றாகும். 2000களின் தொடக்கத்தில், செல்வம் கொழிக்கும் அத்தலைநகரின் உட்பகுதியில்தான் வேலையற்ற இல்லங்களில் வாழும் குழந்தைகளின் விகிதம் நாட்டிலேயே மிக உயர்ந்திருந்தது. தனித்து வாழும் பெற்றோர் அங்கு மிகுதி. குழந்தைப் பராமரிப்புச் செலவும் வாடகையும் மிக அதிகம். பின்னர் இவ்விகிதம் பெரிதும் குறைந்தது. 1999இல் குறைந்தபட்சச் சம்பளமும் உழைக்கும் குடும்பங்களுக்கான வரிச்சலுகையும் நடைமுறைக்கு வந்தன. 2008 முதல் தனிப்பெற்றோர், குழந்தை குறிப்பிட்ட வயதை அடைந்ததும் வேலைதேடவேண்டும் என்னும் விதி படிப்படியாக இறுக்கப்பட்டது. ஆயினும் இவ்விதிகள் நாடு முழுமைக்கும் பொதுவானவை. இலண்டனில் அவை மிகுந்த பயன் தந்தமைக்குக் காரணம், அங்குப் பிடித்துக்கொள்ள வேலைகள் இருந்தமையே.

எண்ணைப் படிக்கும் முறை

வட்டாரங்களை ஒப்பிடும்போது மூன்று எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, இல்லத்தின் அளவு. தனியாட்கள் மிகுந்த நகரில் வேலையற்ற இல்லங்கள் இயல்பாகவே மிகும். கூட்டாக வாழ்வோர் மிகுந்த பகுதியில் ஒருவரின் வேலையே முழு இல்லத்தையும் அக்கணக்கிலிருந்து விலக்கிவிடும். இரண்டாவது, காரணத்தின் தன்மை. ஐம்பத்தெட்டு வயதில் நல்ல ஓய்வூதியத்தோடு வேலையை விட்டவரின் இல்லமும், நோயால் வேலையிழந்தவரின் இல்லமும் ஒரே எண்ணில் அடங்குகின்றன, வாழ்க்கையோ வேறு. மூன்றாவது, ஆய்வின் வரம்பு. இவை மாதிரி ஆய்வின் மதிப்பீடுகளே. சிறிய ஊர்களுக்கு ஓர் ஆண்டில் காணும் ஏற்றமும் இறக்கமும் தற்செயலாகவும் இருக்கலாம். வினாக்களுக்கு விடையளிப்போர் மிகக் குறைந்தமையால் 2023 அக்டோபரில் பிரிட்டனின் உழைப்பாளர் ஆய்வு முடிவுகளின் வெளியீடே சிலகாலம் நிறுத்திவைக்கப்பட்டது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

தலைமுறைப் பழி

வேலையற்ற இல்லங்களைப் பற்றிய பேச்சில் அடிக்கடி எழும் கூற்று ஒன்றுண்டு. மூன்று தலைமுறைகளாக எவரும் வேலைக்கே செல்லாத குடும்பங்கள் உள்ளன. அவர்களிடம் சோம்பல் ஒரு பண்பாடாகவே ஊறிவிட்டது என்பதே அது. ஜோசப் ரௌன்ட்ரீ அறக்கட்டளையின் ஆதரவில் ட்ரேசி ஷில்ட்ரிக், ராபர்ட் மெக்டோனல்டு முதலியோர் இக்கூற்றைச் சோதிக்கக் கிளாஸ்கோவிலும் மிடில்ஸ்பரோவிலும் மிக வறிய பகுதிகளைத் தேர்ந்தெடுத்தனர். 2012இல் வெளியான அவ்வாய்வின்படி, பெரிதும் தேடியும் மூன்று தலைமுறையாக எவரும் வேலைசெய்யாத ஒரு குடும்பம்கூட அவர்களுக்குக் கிட்டவில்லை. நெடுங்காலம் வேலையின்றி இருந்த பெற்றோர் தம் பிள்ளைகள் வேலைக்குச் செல்லவேண்டும் என்றே விரும்பினர்.

இதனை வெறும் கருத்து வேறுபாடாக நாம் தள்ளிவிட இயலாது. 2016ஆம் ஆண்டின் சட்டம், வருமானத்தை அடிப்படையாகக் கொண்ட குழந்தை வறுமை இலக்குகளை நீக்கிவிட்டு, வேலையற்ற இல்லங்களில் வாழும் குழந்தைகளின் எண்ணிக்கையை அறிக்கையிடவேண்டிய அளவுகோலாக ஆக்கியது. இதனால் விளையும் மயக்கம் சிறிதன்று. வேலையற்ற இல்லத்துக் குழந்தை வறுமையில் வீழும் ஆபத்து மிகப்பெரிது என்பது உண்மையே. ஆயின் பிரிட்டனின் வறிய குழந்தைகளுள் பெரும்பாலோர் பெற்றோரில் ஒருவரேனும் வேலைசெய்யும் இல்லங்களில் வாழ்கின்றனர் என்பதும் உண்மை. வேலையற்ற இல்லங்களை மட்டும் எண்ணினால், உழைத்தும் வறுமையில் வாடும் இல்லங்கள் அரசின் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன.

முடிவுரை

வேலையற்ற இல்லங்களின் வட்டார வேறுபாடு, அவ்வட்டார மக்களின் குணவேறுபாடு அன்று. எத்தொழில் எங்கு இருந்தது, அது எப்போது மறைந்தது, மறைந்தபின் எஞ்சியோருக்கு எவ்வாயில் திறந்திருந்தது, உதவித்தொகை விதி ஓர் இல்லத்தின் இரண்டாம் வேலையைக் காத்ததா கைவிட்டதா, வீடு அவர்களை நகரவிட்டதா என்னும் வினாக்களுக்கான விடைகளே அவ்வெண்ணில் திரண்டு நிற்கின்றன.

இவ்வளவுகோல் நமக்கும் பயன்படக்கூடியதே. மலேசியாவில் 1974 முதல் உழைப்பாளர் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. அதில் முதன்மையாகப் பேசப்படுவன தனியாட்களைப் பற்றிய விகிதங்களே. ஆனால் தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வெளிக்காட்டு வேலைசெய்த மனைவியும் பால்மரம் சீவிய கணவரும் ஒருசேர வேலையிழந்ததோடு குடியிருந்த லயத்து வீட்டையும் இழந்தனர். அவ்விழப்பைத் தனியாள் கணக்கால் அளந்தால் இரண்டு வேலைகள் போயின என்று மட்டுமே தெரியும். இல்லத்தின் கணக்கால் அளந்தால்தான் ஒரு வீட்டின் வருவாய் முழுதும் நின்றுபோயிற்று என்பது தெரியும். கணக்கெடுப்பாளர் தட்டும் கதவு ஓர் இல்லத்தின் கதவே. திரட்டிய விவரங்களையும் அவ்வில்லத்தோடு சேர்த்தே நாம் படிப்போமாயின், இதுவரை எண்களுக்குள் மறைந்திருந்த துயரங்கள் சிலவற்றையேனும் காணவும் களையவும் வழி பிறக்கும்.